கொலுப்படியில் ஒரு போர்க்கப்பல்

அத்தியாயம் பன்னிரண்டு

கரமனை சரஸ்வதியம்மாள் போன வாரம் போனில் சொன்னது நினைவிருக்கிறதல்லவா? "சரஸ்வதி பூஜை அன்னிக்குச் சாயங்காலம் உங்காத்துக் கொலு பாக்க வரோம்" என்றாள். கொலு பார்க்கவாம், கொலு! கரமனையில் இல்லாத கொலுவா? பூனாவிலிருந்து லீவில் வந்திருக்கும் பிள்ளை ராமசேஷனையும் கூட அழைத்து வருகிறாள் என்றால், பார்க்கப் போவது பொம்மைகளை இல்லை, நாகேஸ்வரன் வீட்டுப் பெண்ணை. திருவனந்தபுரம் கோட்டைக்குள் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

இந்த வாரம்தான் முதல் தடவையாகப் படிக்கிறவர்களுக்காக நாலு வார்த்தை. நாகேஸ்வரன் மத்திய சர்க்கார் ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆனவர். கோயிலுக்குப் பின்னால் அக்ரஹாரத் தெருவில் சொந்த வீடு. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, அந்தக் காலத்துப் பாய்மரப் போர்க்கப்பல்களைச் சின்ன அளவில் அச்சு அசலாகக் கட்டுவது அவருடைய பைத்தியம். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் மகன் அனந்த், போகிற துறைமுகத்திலெல்லாம் தேடி கிட் பெட்டிகள் வாங்கி அனுப்புகிறான். வருஷா வருஷம் நவராத்திரிக்கு ஒரு புதுக் கப்பல் கொலுவில் ஏறும். 'கப்பல் நாகேஸ்வரன்' என்று கேட்டால்தான் கிழக்கேகோட்டை ஆட்டோக்காரனுக்கே வீடு தெரியும்.

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ரிட்டயர் ஆன வருஷத்திலிருந்து அவருடைய வலது கை நடுங்குகிறது. அன்றிலிருந்து கப்பல் கட்டுகிறவள் மகள் பத்மப்ரியா. பெயர் அப்பாவுக்கு, வேலை மகளுக்கு. அவளுக்கு இருபத்தேழு வயசாகிறது. வந்த ஜாதகங்களையெல்லாம் அவர் 'பொருத்தமில்லை' என்று திருப்பி அனுப்பியதற்குக் கிரகங்கள் மேல் பழி போடாதீர்கள். பத்மா கல்யாணமாகிப் போனால் கூடவே அவளுடைய இரண்டு கைகளும் போய்விடும். அதுதான் பொருத்தமில்லை.

இது பத்மாவுக்கும் தெரியும், அவள் அம்மா சூடாமணிக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

காலையில் பூஜை வைத்தாகிவிட்டது. கொலுவுக்கு முன்னால் பட்டுத் துணி விரித்து புத்தகங்களை அடுக்கினார்கள். இனி விஜயதசமி காலை வரைக்கும் யாரும் எதையும் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, தொழில் கருவியைத் தொடக்கூடாது. திருவனந்தபுரத்தில் இதில் விட்டுக்கொடுப்பதே கிடையாது. காலைப் பேப்பரைக் கூட மடித்தபடியே வைத்துவிடுவார்கள்.

நாகேஸ்வரனும் தன் கருவிகளைக் கொண்டுவந்து பக்தியோடு பரப்பினார். கத்தி, பிரஷ், பசை பாட்டில், ட்வீசர். மேலே சந்தனம் குங்குமம் வைத்தார். பத்மா குனிந்து பார்த்தாள். ட்வீசரின் நுனி உடைந்திருந்தது. பிரஷ்ஷில் மயிரே இல்லை. பாட்டிலில் பசை காய்ந்து கல்லாகியிருந்தது.

"அப்பா, நல்லதெல்லாம் எங்கே?"

"பின்கட்டு ரூம்ல இருக்கு. நல்லதையெல்லாம் இங்க வச்சுட்டா வேலையை எதை வச்சுப் பண்ணுவே?"

"இன்னிக்குத் தொடப்படாதேப்பா."

"பின்னே? இந்த வருஷத்துக் கப்பலைப் பின்பக்கப் பாய்மரத்துல கயிறே இல்லாம மொட்டையா நிறுத்தறதா? சாயங்காலம் மனுஷா வரா. இத்தனை வருஷமா என் கப்பலைப் பாத்தவா என்ன சொல்லுவா? சாரமில்லை, பரவால்லை. சரஸ்வதிக்கு ட்வீசர் நுனியெல்லாம் பாக்க நேரமில்லை."

அடப்பாவி மனுஷா! கடைக்காரனை ஏமாற்றுவார்கள், கவர்மெண்டை ஏமாற்றுவார்கள். இவர் தெய்வத்துக்கே காயலான் கடைச் சாமானைப் படைத்துவிட்டு நெற்றியில் விபூதி பூசிக்கொண்டார்.

பத்மா நகரவில்லை. அதைப் பார்த்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தக் குரல் எப்போதாவதுதான் வெளியே வரும்.

"கேட்டியா பத்மா, இந்தப் பிள்ளையோட ஜாதகத்தை நானே உக்காந்து பாத்தேன். நன்னா சேந்திருக்கு. இந்தத் தடவை நான் குறுக்க நிக்கல. பின்மரத்துக் கயித்தை மட்டும் முடிச்சுக் குடுத்துடு. அப்புறம் நீ பாட்டுக்குப் பூனாவுக்குப் போ. சரஸ்வதி சாட்சி."

யார் சாட்சி பாருங்கள்.

ஆனாலும் பத்மா நம்பினாள். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த ராமசேஷனின் ஜாதகத்தை, அதன் மூலையில் இருந்த மங்கலான போட்டோவை, அவள் யாருமில்லாதபோது எடுத்து எடுத்துப் பார்த்திருந்தாள். 'பெண் விரும்பினால் வேலைக்குப் போகலாம்' என்று கீழே ஒரு வரி இருந்தது. பூனா எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அங்கே பிளாஸ்டிக் பசை நாற்றம் இருக்காது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றும். அவளுக்கு அது போதும். இந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

பின்கட்டு அறையில் ஃபேன் போடக்கூடாது. நூல் பறந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு மெழுகுவத்தியை ஏற்றினாள்.

கிட்டோடு வருகிற நூல் இந்தக் கப்பலுக்கு வடக்கயிறு மாதிரி இருக்கும். அதனால் கயிற்றை இவர்களே செய்துகொள்வார்கள். பாகங்கள் ஒட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை ஒடித்துச் சுடருக்கு மேல் பிடித்து உருட்ட வேண்டும். இளகிப் பளபளத்ததும் வெளியே எடுத்து இரண்டு கையாலும் சீராக இழுக்க வேண்டும். தலைமயிர் கனத்துக்கு ஒரு கறுப்பு இழை வரும். அவசரப்பட்டால் அறுந்துபோகும், தயங்கினால் தடித்துப்போகும். கொஞ்சம் அதிகம் இளகிவிட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு தோலோடுதான் வரும்.

அன்று பத்மாவுக்கு அவசரம். விரல் நுனிகள் நாலைந்து தடவை வெந்தன.

உள்ளே பாத்திரம் எடுக்க வந்த வேலைக்காரி பூமாரி வாசலிலேயே நின்றுவிட்டாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி. அவளுக்கு மனசுக்கும் வாய்க்கும் நடுவில் கதவு கிடையாது.

"எக்கா, இதென்ன கூத்து? பெண்ணு பாக்க வாற அன்னிக்குக் கையிலே மருதாணி போடுவாவ. நீங்க சூடு போட்டுட்டு இருக்கிய! மண்டைக்கு வழியில்லாத வேல."

"இன்னும் கொஞ்சம்தான் பூமாரி. இன்னியோட முடிஞ்சுது."

"ஒங்க அப்பாக்குப் பிடிச்ச கிறுக்குக்கு நீங்க எதுக்கு வேகணும்? ஒண்ணு சொல்லட்டா? அந்தக் கப்பலத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டு அந்த மாப்பிள கூட ஆட்டோல ஏறிருங்க."

பத்மா சிரித்துவிட்டாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் பூமாரி பாத்திரங்களை அள்ளிக்கொண்டு பறந்தாள்.

நாகேஸ்வரன் பூதக்கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். நடுங்குகிற கையை மடியில் அமுக்கிக்கொண்டு இடது கையால் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன, கயிறா கொடியா? வேஷ்டி ஒணத்தலாம் போலிருக்கே."

"மத்ததெல்லாம் இதே கனம்தான்பா."

"எனக்குக் கண்ணு தெரியலைங்கறயா?"

பிளேடை எடுத்தார். அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக் கட்டிய மூன்று இழைகளையும் ஒரே இழுப்பில் அறுத்துவிட்டார். கட்டத்தான் அவருக்குக் கை வராது, அறுக்க வரும்.

"மறுபடி கட்டு. ஆறு மணிக்கு வரா. முடியலைன்னா பொண்ணுக்கு உடம்பு சரியில்லைன்னு போன் பண்ணிச் சொல்லிடறேன். எனக்கென்ன?"

அவர் போன பிறகு சூடாமணி ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயோடு வந்தாள். மகளின் விரலைப் பிடித்துத் தடவிவிட்டாள். கல்யாணமான நாள் முதல் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். வெளி மனிதர்கள் வந்தால் அவருக்குக் காபி டம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் கொடுப்பாள். நடுங்கிக் கொட்டிவிட்டால் மானம் போகுமே! அவள் கற்றுக்கொண்ட சாமர்த்தியம் அந்த அரை டம்ளர்தான்.

"அம்மா, அப்பா இந்தத் தடவை விடுவாரா?"

சூடாமணி வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "விடலைன்னா நான் பேசறேன்டி. என்ன ஆனாலும் சரி. எத்தனை நாள்தான் வாயை மூடிண்டிருக்கறது? இன்னிக்கு அவர் கோணலா ஏதாவது சொன்னா, உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன்."

பத்மாவுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையெல்லாம் பசையாக இருந்ததால் தலையை மட்டும் அவள் தோளில் சாய்த்தாள்.

ஆட்டோ வாசலில் வந்து நின்றபோது கடைசி இழையை ஒட்டி முடித்திருந்தாள். அதைச் சூடு காட்டி இறுக்க நேரமில்லை. அப்படியே கப்பலைத் தூக்கிவந்து தசாவதாரச் செட்டுக்குக் கீழே அகலமான படியில் வைத்துவிட்டு, புடவை மாற்ற உள்ளே ஓடினாள்.

இரண்டு முழத்துக்குக் குறையாத நீளம். கறுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாகப் பூசிய மூன்று அடுக்கு, அடுக்குக்கு அடுக்கு பீரங்கிகள், மூன்று மரங்கள், அவற்றைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி கயிறுகள். ராமசேஷன் செருப்பைக் கழற்றியவன் நேராகக் கப்பலுக்கு முன்னால் போய் மண்டியிட்டுவிட்டான்.

"அம்மாடி! இது இங்கிலீஷ்காரனோட விக்டரி கப்பல் இல்லையோ மாமா?"

"அதேதான். நூத்தி நாலு பீரங்கி. வேணும்னா எண்ணிக்கோ" என்றார் நாகேஸ்வரன், சாய்வு நாற்காலியில் வலது கையை அங்கவஸ்திரத்துக்கு அடியில் மறைத்தபடி.

"எல்லாம் நீங்களேவா?"

"பின்னே? ஆள் வச்சா கட்ட முடியும்?"

சரஸ்வதியம்மாள் கொலுவைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், கதவு நிலையைப் பார்த்தாள், காபி கொண்டுவந்த பத்மாவைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பேச்சு என்னவோ தேனாகத்தான் இருந்தது. ஒரு பாட்டுப் பாடச் சொன்னாள். பத்மா பாடினாள். "நல்ல சாரீரம்" என்றாள்.

ராமசேஷன் டம்ளரை வாங்கிக்கொள்ளும்போது அவளுடைய விரல்களைக் கவனித்தான். "கையில என்ன? சுட்டுண்டுட்டேளா? நீங்களும் இதுல ஒத்தாசை பண்ணுவேளோ?"

பத்மா அப்பாவைப் பார்த்தாள்.

"அவளா?" நாகேஸ்வரன் பெரிதாகச் சிரித்தார். "அவள் தூசு தட்டுவா. அதுவும் நான் பக்கத்துல நின்னாத்தான். இல்லைன்னா தூசு இருக்கும், கப்பல் இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். பத்மாவும் சிரித்தாள். இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

சரஸ்வதியம்மாள் மகனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையசைத்தான். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சூடாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. இவனுக்கு லீவு கொஞ்சம்தான் பாக்கி. நாளைக்கு விஜயதசமி. அதைவிட நல்ல நாள் ஏது? காலம்பற தட்டு மாத்திண்டுடலாமா?"

சூடாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. பத்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். நாகேஸ்வரன் "அதுக்கென்ன, பேஷா" என்றார். ஆனால் அவர் முகத்தில் ரத்தம் இல்லை. காலையில் செய்த சத்தியம் இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று பாவம், அவர் எதிர்பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ராமசேஷன் வாயைத் திறந்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, மாமனாராகப் போகிறவரிடம் கொஞ்சம் விளையாட்டு.

"மாமா, பின்மரத்துல இந்த ஒரு கயிறு மட்டும் தொங்கறதே! கட்டினவர் கண்ணுல படலையோ?"

"எங்கே?"

"இதோ. மத்ததெல்லாம் விண்ணுனு நிக்கறது. இது மட்டும் துணி காயப்போட்ட கொடி மாதிரி..."

காலையில் தான் சொன்ன ஏச்சு தனக்கே திரும்பி வந்ததும் நாகேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டார். "அது ஒரு நிமிஷ வேலை. எப்படிப் பண்றதுன்னு பாக்கறயா?"

"அப்பா, நான் வேணும்னா..."

"நீ பேசாம இரு."

"ஏன்னா, அப்புறமா பண்ணிக்கலாமே" என்றாள் சூடாமணி.

அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. அம்பாளுக்கு முன்னால் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியைப் பிடுங்கிக்கொண்டு கப்பல் பக்கத்தில் உட்கார்ந்தார். தொய்ந்த இழைக்கு அருகே ஊதுபத்தியின் கனலைக் காட்டினால், பிளாஸ்டிக் சுருங்கி இழை இறுகிவிடும். வேலை அவ்வளவுதான். ஆனால் கனல் இழையைத் தொடக்கூடாது. நடுவில் ஒரு அரிசி அகல இடைவெளி வேண்டும்.

அரிசி அகலம்! கையை அங்கவஸ்திரத்திலிருந்து எடுத்ததுமே ஊதுபத்தியின் புகை கோணல் மாணலாக எழும்பியது. அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நடுக்கம் இன்னும் கூடியது. கனல் பட்டு இழை அறுந்து சுருண்டது. சரிசெய்கிறேன் என்று கையை இழுத்தார், அடுத்த இழை போயிற்று. பதறினார். மேலே இருந்த குறுக்குக் கட்டை சாய்ந்து நடுமரத்துக் கயிறுகளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. சாம்பல் மேல்தளத்தில் கொட்டியது. எரிகிற வாடை கிளம்பியது.

"ஐயோ!" என்றாள் சரஸ்வதியம்மாள்.

ஊதுபத்தி அவர் கையில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். நாகேஸ்வரன் ஊதுபத்தியைப் பார்த்தார், வந்தவர்களைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார்.

"பாத்தேளா?" என்றார். குரல் மட்டும் நடுங்கவில்லை. "இந்தப் பின்மரத்தை மட்டும் இவகிட்ட விட்டேன். பொண்ணு ஆசைப்படறாளேன்னு. ஒரு கயிறாவது நிக்கறதா பாருங்கோ. அவளைச் சொல்லிக் குத்தமில்லை. சின்ன வயசுலேர்ந்தே அவளுக்குக் கை நடுக்கம். டாக்டர்கிட்டல்லாம் காட்டியாச்சு. கல்யாணம் பேச வந்த இடத்துல மறைக்கப்படாது பாருங்கோ, அதான் சொல்றேன். கப்பல் இப்படியானதைப் பாத்து எனக்கே பதட்டத்துல கை ஆடிப் போச்சு."

பெற்ற அப்பன் பேசுகிற பேச்சா இது? தன் கையிலிருந்த வியாதியைக் கழற்றிப் பெண்ணின் கையில் மாட்டிவிட்டார். அதுவும் தட்டு மாற்றக் கேட்டவர்களுக்கு முன்னால்.

சரஸ்வதியம்மாள் சூடாமணியின் கையை மெதுவாக விட்டாள். "அப்படியா பத்மா?"

பத்மா நேராகப் போய் அப்பாவின் விரல்களுக்கு நடுவிலிருந்து ஊதுபத்தியை எடுத்தாள். முன்மரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். குறுக்குக் கட்டை இழுத்ததில் அங்கே சில இழைகள் தொய்ந்திருந்தன. முதல் இழைக்கு நேரே கனலைக் கொண்டுபோனாள். புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போயிற்று. இழை சுருங்கி விண்ணென்று நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. வெந்த விரல்தான், ஆனால் ஒரு இழையைக் கூடக் கனல் தொடவில்லை.

"கொள்ளாம், பிரமாதம்!" என்று ராமசேஷன் தன்னை மறந்து சொன்னான். "இது எல்லாமே நீங்க கட்டினதுதான், இல்லையா?"

"ஆமாம்" என்றாள் பத்மா. இத்தனை வருஷத்தில் அதை அவள் முதல் தடவையாகச் சொன்னாள்.

நாகேஸ்வரனின் குட்டு உடைந்துவிட்டது. ஆனால் சரஸ்வதியம்மாள் கப்பலைப் பார்க்கவில்லை. அங்கவஸ்திரத்துக்கு அடியில் மறுபடி மறைந்துகொண்ட கையைத்தான் பார்த்தாள்.

"அப்போ நடுக்கம் யாருக்கு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

சூடாமணி முன்னால் வந்தாள். காலையில் மகளுக்குக் கொடுத்த வாக்கு. ஆயுசில் முதல் தடவையாக அவள் புருஷனை எதிர்த்து வாயைத் திறந்தாள்.

"அவருக்குத்தான் மாமி! என் பொண்ணுக்கு ஒரு வியாதியும் கிடையாது. பழியைத் தூக்கி இவ தலையில போடறார். இவ கையைப் பாருங்கோ, கல்லு மாதிரி நிக்கும். நடுக்கம் அவருக்குத்தான். அவரோட அப்பாவுக்கும் இருந்தது, அத்தைக்கும் இருந்தது. அவா வம்சத்துல வரது. இவளுக்கு ஒண்ணும் இல்லை, சத்தியமா ஒண்ணும் இல்லை!"

மூச்சு வாங்கியது. மகளைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு சரஸ்வதியம்மாளைப் பார்த்தாள்.

"வம்சத்துலயா?" என்றாள் சரஸ்வதியம்மாள். ரொம்ப மிருதுவாகத்தான் கேட்டாள். "அத்தைன்னா பொம்மனாட்டிகளுக்கும் வரும், அப்படித்தானே? அவாளுக்கெல்லாம் என்ன வயசுல ஆரம்பிச்சுது மாமி?"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் சூடாமணிக்கு உறைத்தது. திரும்பிப் பத்மாவைப் பார்த்தாள். பத்மா ஊதுபத்தியை அம்பாளுக்கு முன்னால் திரும்பச் செருகிக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சுடா சேஷா. நவராத்திரி மண்டபத்துல கச்சேரி ஆரம்பிச்சுடுவா" என்று எழுந்தாள் சரஸ்வதியம்மாள்.

வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டாள். குங்குமம் இட்டுக்கொண்டாள். சுண்டல் பிரமாதம் என்று கொஞ்சம் கட்டியும் தரச் சொன்னாள். நாளைக்குத் தட்டு மாற்றுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. "ஜாதகத்தை இன்னொருத்தர்கிட்டயும் காட்டிட்டு போன் பண்றோம் மாமி" என்றாள். நமஸ்காரம் பண்ணிய பத்மாவின் தலையில் கை வைத்து, "சீக்கிரமா நல்ல இடமா அமையட்டும்" என்று ஆசீர்வாதம் வேறு! கன்னத்தில் அறைந்திருந்தால் கூட ஆறியிருக்கும்.

ராமசேஷன் செருப்பு மாட்டிக்கொள்ள நேரமெடுத்துக்கொண்டான். பத்மா நிலைப்படியருகே நின்றாள். அவன் ஏதோ சொல்ல வருவது தெரிந்தது. அவள் காத்திருந்தாள்.

"ரொம்ப நன்னா கட்டியிருக்கேள்" என்றான்.

ஆட்டோவிலிருந்து "சேஷா" என்று குரல் வந்தது. போய்விட்டான்.

உள்ளே சூடாமணி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். "பாவி நான், பாவி நான், என் வாயாலேயே கெடுத்தேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நாகேஸ்வரன் மறுபடி சாய்வு நாற்காலியில் இருந்தார். முகத்தில் ரத்தம் திரும்ப வந்திருந்தது. அரை டம்ளர் காபியை இரண்டு கையாலும் பிடித்து நிதானமாகக் குடித்து முடித்தார்.

"என்னைக் கரிச்சுக் கொட்டாதே சூடா. நான் சொன்னதை இவ ஊதுபத்தியை எடுத்துப் பொய்யாக்கிட்டா. அதோட விட்டிருந்தா மானம் போனது எனக்கு மட்டும்தான், அவா நாளைக்குத் தட்டோட வந்திருப்பா. வம்சம், அத்தைன்னு இழுத்தது யாரு? உன் பொண்ணை இந்த ஆத்தோட கட்டிப் போட்டது நீ. நான் இல்லை."

சூடாமணியின் அழுகை நின்றுவிட்டது. அந்தப் பேச்சில் பொய் இல்லையே! அவர் வேண்டுமென்றே அதைத் தேடி எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மகளிடம் திரும்பினார்.

"பத்மா, நாளைக்குக் காலம்பற பூஜை எடுத்ததும் முதல் வேலை, அறுந்ததையெல்லாம் மாத்திடு. மத்தியானத்துக்கு மேல கொலு பாக்க ஆள் வரும்."

பத்மா கொலுவுக்கு முன்னால் நின்றிருந்தாள். இதுவரைக்கும் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"முடியாதுப்பா."

"என்னது?"

"என்னால முடியாது. எனக்குத்தான் கை நடுக்கமாச்சே."

"என்னடி உளர்றே?"

"நீங்கதானே சொன்னேள்? சின்ன வயசுலேர்ந்தே இருக்கு, டாக்டர்கிட்டல்லாம் காட்டியாச்சுன்னு. பெத்த அப்பா பொய் சொல்லுவாரா? நாளைக்குக் கொலு பாக்க வரவாகிட்டயும் சொல்லுங்கோ. தெருவுல எல்லார்கிட்டயும் நானே சொல்றேன். எனக்குக் கை நடுங்கறது, இனிமே எங்காத்துல கப்பல் கட்ட ஆளே இல்லைன்னு."

இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் கை எப்படி ஆடுமோ அப்படியே, அச்சு அசலாக, ஆட்டிக் காட்டினாள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு அது வராதா? நாகேஸ்வரன் நாற்காலியில் பின்னுக்குப் போனார். தன் கையை வேறொருவர் உடம்பில் அவர் இதுவரை பார்த்ததில்லை.

"போறும்! நிறுத்து உன் நாடகத்தை!"

"நாடகம் இல்லைப்பா. நன்னா பாருங்கோ. இனி இந்தக் கை உங்களுக்கு இல்லை."

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. உடைந்த கப்பலைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். கெஞ்ச வாயெடுத்து, பழக்கமில்லாததால் வார்த்தை வராமல் விழித்தார். பத்மாவுக்கு அதைப் பார்க்க நன்றாக இருந்தது. கொடூரமாகத்தான் இருந்தாள், வேண்டுமென்றேதான் இருந்தாள், ரசித்துக்கொண்டுதான் நின்றாள்.

போதும் என்று தோன்றியதும் கைகளைக் கீழே இறக்கினாள்.

இடது கை நின்றது. வலது கை நிற்கவில்லை.